ஐம்பொறியும் ஆறாம் பொறியும்

இலண்டனில் ஓர் ஏலக்கூடம். மேடைமேல் ஒரு வெள்ளிக் கரண்டி. சருக்கரை அள்ளுவதற்கென்று 1790-ஆம் ஆண்டளவில் செய்யப்பெற்றது. உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து அதன் காம்பின் பின்புறத்தைப் பாருங்கள். கடுகினும் சிறியவாய் ஐந்து பொறிகள் வரிசையாய் நிற்கும்.

ஒன்று, நடக்கும் அரிமா. ஆயிரம் பங்கில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்கு அது சான்று. 1544 முதல் இடப்படுவது. இரண்டு, சிறுத்தைத் தலை. முதல் எட்வர்டு மன்னன் 1300-இல் இயற்றிய சட்டத்தால் தோன்றி, பின்னர் இலண்டன் ஆய்வுமனைக்கே உரியதாய் நின்றது. மூன்று, செய்தவன் பெயரெழுத்து. 1363 முதல் ஒவ்வொரு பொற்கொல்லனும் தனக்கென ஒரு பொறி வைத்திருத்தல் வேண்டும் என்பது சட்டம். நான்கு, ஆண்டைக் குறிக்கும் ஓரெழுத்து. 1478 முதல் வழங்குவது. ஐந்து, மன்னன் தலை. வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக 1784 முதல் 1890 வரை இடப்பட்டது.

என்ன பொருள், எங்கே ஆய்ந்தது, யார் செய்தது, எப்போது செய்தது, அரசுக்குரியது செலுத்தப்பட்டதா: ஐந்து வினாக்கள், ஐந்து விடைகள். ஏழை வீட்டில் பிறந்த குழவியின் நாளையும் ஊரையும் யாரும் ஒழுங்காய்க் குறித்து வைக்காத காலத்தில், ஒரு கரண்டி பிறந்த ஆண்டையும் ஊரையும் அவர்கள் அழியாமற் குறித்து வைத்தனர். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், போலிப் பொறி இட்டவனுக்குத் தூக்குத்தண்டம் என்றே சட்டஞ் செய்தனர். வெள்ளியைப் பற்றிய ஒரு பொய்க்கு உயிரையே விலையாக வைத்த நாடு அது!

இதனை நாம் இழித்துரைக்க வரவில்லை. நன்றெனத் தோன்றுவதை நன்றென்றே கூறுவோம். கணவனை இழந்த எசுட்டர் பேட்மன் என்னும் பெண்மணி 1761-இல் தம் பெயரெழுத்துகளைத் தம் பொறியாகப் பதிந்துகொண்டு பட்டறை நடத்தினார். அவர் மறைந்து 230 ஆண்டுகள் கடந்தும் அவர் செய்த கரண்டி அவர் பெயரைச் சொல்லுகின்றது. உழைத்தவர் பெயரை அழியாமற் காப்பது உயர்ந்த பண்பு. அப் பண்பை அவர்கள் எங்கே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டனர் என்பதே நம் வினா.

வழிவரலாறு தொடங்கும் இடம்

கரண்டி விலைபோயிற்று. அடுத்து மேடைக்கு வருகின்றது ஒரு நாற்காலி. ஏலப் பட்டியலைப் புரட்டினால் அதற்கொரு குறிப்பு இருக்கும். 1760-ஆம் ஆண்டளவினது, மகோகனி மரம், சிப்பண்டேல் முறையில் அமைந்தது, இன்ன பெருமகனின் மாளிகைக்காகச் செய்யப்பட்டது, அவர்தம் பெயரர்க்கும் பெயரர்தம் பெயரர்க்கும் வழிவழியாய் வந்தது. இதனை வழிவரலாறு என்கின்றனர். விலையை ஏற்றுவதே இந்த வழிவரலாறுதான்.

நாம் கேட்கின்றோம்: இவ் வழிவரலாறு எங்கே தொடங்குகின்றது? வாங்கிய செல்வனின் வாயிலில் தொடங்குகின்றது. சற்றுத் தாராளமாய் எழுதினால் தச்சனின் பட்டறையில் தொடங்கும். மரத்தில் தொடங்குவதில்லை. மரத்தை வெட்டியவனிடத்தில் தொடங்குவதேயில்லை. 'மகோகனி' என்ற ஒரே சொல்லோடு வாய் மூடிக்கொள்கின்றது.

ஆங்கில மண்ணில் ஓக்கு முளைக்கும்; எல்மு முளைக்கும்; வால்நட்டு வளரும். மகோகனி முளைக்காது. 1721-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரங்களுக்கு இறக்குமதி வரியை நீக்கிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனிக்கு மதகு திறந்தாற்போல் ஆயிற்று. இங்கிலாந்தில் வந்திறங்கிய மகோகனி 1740-இல் ஆண்டுக்கு 525 டன். 1750-இல் 3,688 டன். 1788-இல் 30,000 டன்னுக்கு மேல்! சமைக்காத் தீவின் மரம் அருகியதும் ஒண்டுராசு வளைகுடாப் பக்கம் கோடரி திரும்பியது.

இன்று பெலீசு எனப்படும் அந்நிலத்தில் மகோகனி வெட்டியவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தி வரப்பட்ட அடிமைகளும் அவர்தம் மக்களும். ஆகத்து மாதத்தில், மரந்தேடும் ஒருவன் காட்டிலேயே உயர்ந்ததொரு மரத்தின் உச்சிக்கு ஏறுவான். அப்போது நிறமாறியிருக்கும் இலைகளைக் கொண்டு மகோகனி நிற்கும் இடங்களைக் கண்டு குறிப்பான். பருத்த வேரடியைத் தவிர்த்து ஆளுயரத்துக்கு மேல் வெட்ட வேண்டியிருந்ததால், மரத்தைச் சுற்றிப் பரண் கட்டி அதன்மேல் நின்று கோடரி வீசுவர். கோடையில், பகல் வெயிலை எருதுகள் தாங்கா என்பதனால், நள்ளிரவில் தீப்பந்த ஒளியில் கட்டைகளை ஆற்றுக்கு இழுப்பர். மழைக்காலத்து வெள்ளம் அவற்றைக் கடலுக்குக் கொண்டுசெல்லும்.

எருது வெயில் தாங்காது என்று அறிந்திருந்தனர். அதன் அருகில் பந்தம் பிடித்து நடந்தவன் எதைத் தாங்குவான், எதைத் தாங்கான் என்று எண்ணிப் பார்த்தனரா? பெலீசு மக்கள் இன்று தம் நாட்டுச் சின்னத்தில் மகோகனி மரத்தையும், கருவி ஏந்திய இரு மரவெட்டிகளையும் பொறித்து வைத்திருக்கின்றனர். வெட்டியவரின் வழியினர் மறக்கவில்லை. அமர்ந்தவரின் வழியினர்தாம் மறந்தனர்.

ஒரு மாளிகை, இரண்டு கணக்குகள்

யார்க்சயரில் ஆர்வுட்டு மாளிகை என்றொன்று உண்டு. தாமசு சிப்பண்டேலுக்கு வாழ்நாளில் வாய்த்த பெரும்பணி அதுவே. அங்கே அவர் செய்தளித்த பேழைமேசை ஒன்றுக்கு 1773-ஆம் ஆண்டுக் கணக்கில் 86 பவுன் எழுதியிருக்கின்றது. அறைகலன் வரலாற்றை எழுதுவோர் அக் கணக்கைக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர். அந்த 86 பவுன் எங்கிருந்து வந்தது? மாளிகைக்குரிய இலாசல்சு குடும்பத்தின் செல்வம் பார்படோசுத் தீவின் சருக்கரையிலும் அடிமை வணிகத்திலும் திரண்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1833-இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைப்பட்டவர்க்கு அன்று, அடிமைகளை வைத்திருந்தவர்க்கு! ஆர்வுட்டுக் கோமகன் 1,270-க்கும் மேற்பட்ட மாந்தர்க்காக 26,000 பவுனுக்கு மேல் பெற்றுக்கொண்டார். விடுதலை பெற்றவர்க்கோ ஒரு காசும் இல்லை. 1838 வரை பழைய ஆண்டைகளிடமே 'பயிற்சியர்' என்னும் பெயரில் உழைக்க வேண்டும் என்பதே அவர்க்குக் கிடைத்த பரிசு. இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை உள்ளடக்கிய கடன்பத்திரங்களைப் பிரித்தானிய அரசு தீர்த்து முடித்தது 2015-இல்தான். அவ்வாண்டு வரை அந்நாட்டில் வரிகட்டிய ஒவ்வொருவர் காசும், அங்கே குடியேறிய அடிமை வழியினர் காசும்கூட, அதிற் சேர்ந்தது.

இவ்விரு கணக்குகளும் ஒரே வீட்டுக் கணக்குகள். முதற் கணக்குக்கு ஏலப் பட்டியலில் இடம் உண்டு. இரண்டாம் கணக்குக்கு இடமில்லையாம்!

மாந்தன் மேல் இட்ட பொறி

பொறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றோம். அந்நாட்டார் இன்னுமொரு பொறியும் அறிந்திருந்தனர். அதனை ஏலக்கூடத்தில் காட்ட மாட்டார்கள்.

அரச ஆப்பிரிக்கக் குழுமம் என்னும் அடிமை வணிக நிறுவனம், தான் வாங்கிய மாந்தரின் உடலில் அதன் தலைவரான யார்க்குக் கோமகனின் பெயரெழுத்துகளைக் காய்ச்சிய இரும்பால் சுட்டது. 1710-இல் கிறித்தபர் காட்ரிங்டன் என்பார் இறந்தபோது, பார்படோசிலிருந்த தம் கரும்புத் தோட்டங்களை ஆங்கிலத் திருச்சபை சார்ந்த நற்செய்தி பரப்பும் கழகத்திற்கு எழுதிவைத்தார். அத் தோட்டங்களின் அடிமைகள் நெஞ்சில் 'சொசைட்டி' என்னும் சொல் சுடப்பட்டது. கழகம் என்பது அதன் பொருள். 2006-இல் அத் திருச்சபையின் பேரவை அடிமை வணிகத்தில் தனக்கிருந்த பங்கிற்காக மன்னிப்புக் கேட்டது.

வெள்ளியின் மேலும் பொறி. மாந்தன் மேலும் பொறி. வெள்ளியின் மேலிட்டது அதன் தூய்மையைச் சொல்லிற்று. மாந்தன் மேலிட்டது அவன் யாருடைய உடைமை என்பதை மட்டும் சொல்லிற்று. கரண்டிக்குச் செய்தவன் பெயர் உண்டு. அக் கரண்டியில் அள்ளிய சருக்கரையைச் செய்தவனுக்குப் பெயரில்லை. ஆண்டையின் எழுத்தே உண்டு. முதலாவதை அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தனர். இரண்டாவதை அதனைச் சுமந்தவரோடு புதைத்தனர்.

ஏலம் என்னும் முறைக்கும் இவ் வரலாற்றில் பங்குண்டு. சேம்சு கிறித்தி தம் ஏலமனையை இலண்டனில் தொடங்கியது 1766-இல். அதே 1766-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், இலிவர்ப்பூல் நகரின் காப்பிக்கடை ஒன்றில் 11 கறுப்பின மக்கள் விற்கப்படுவர் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. அங்கே ஓவியமும் அறைகலனும்; இங்கே உயிரும் உடலும். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில்.

அடக்கத்தினால்தான் இவற்றையெல்லாம் குறிக்காது விட்டனர் என்று யாரேனும் சொல்வரோ? அந்நாட்டார் பெருமையென நினைத்தபோது குறிக்கத் தயங்கியதே இல்லை. 1745, 1746-ஆம் ஆண்டுகளின் பிரித்தானிய வெள்ளிக் காசுகள் சிலவற்றை எடுத்துப் பாருங்கள். மன்னன் தலைக்குக் கீழே 'இலிமா' என்று பொறித்திருக்கும். பெருவின் தலைநகரம் அது. இசுப்பானியரின் கருவூலக் கப்பல்களிலிருந்து பறித்த வெள்ளி இது என்று உலகறியப் பறைசாற்றும் பொறி. கொள்ளை பெருமையாய்த் தோன்றியபோது பொறித்தனர்; இழுக்காய்த் தோன்றும்போது மறைக்கின்றனர். இதில் மறதி எங்கே இருக்கின்றது?

சோழமண்டலத்தின் பெயர்

நம் பக்கத்துச் செய்திகளும் அந்தப் பட்டியல்களில் உள்ளன. தேடிப் பார்ப்பவர்க்குத் தெரியும்.

நாழிகைக் கருவி செய்தவருள் ஆங்கிலர் தலைமேல் வைத்துப் போற்றுவது தாமசு தாம்பியனை. 1639-இல் கொல்லன் மகனாகப் பிறந்து, 1713-இல் மறைந்து, வெசுட்டுமினிசிட்டர் பெருங்கோயிலில் மன்னர்களோடு அடக்கம் பெற்றவர். தம் மணிக்கூடுகளுக்கு வரிசை எண் இட்டவர். உழைப்பாளிக்கு அந்நாடு செய்த அச்சிறப்பைப் பாராட்டுகின்றோம். ஆயின் அவருடைய மேசை மணிக்கூடுகளின் கூடுகளைப் போர்த்தியிருக்கும் கருங்காலி எங்கே விளைந்தது? தென்னிந்தியா, ஈழம், மொரீசு, மடகாசுக்கர் போன்ற வெப்பநாட்டுக் காடுகளில் விளைவது அம்மரம். எண் உண்டு, பெயர் உண்டு, காட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மகோகனியின் செம்மை சலித்துப் பொன்னிற மரத்தின்மேல் ஆங்கிலச் செல்வர்க்கு ஆசை பிறந்தது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும், பின்னர் ஈழத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் அது சென்றது. ஈழத்தமிழர் முதிரை என்பதும் தமிழகத்தார் பொரசு என்பதும் அம்மரமே. பட்டியலில் அது பட்டுமரம் என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரால் மின்னுகின்றது. முதிரை என்ற பெயர் வாராது.

'கோரமண்டல்' என்றொரு சொல்லும் அப் பட்டியல்களில் அடிக்கடி வரும். சோழமண்டலம் என்பதன் சிதைவு அது. அச் சொல்லால் எதைக் குறிக்கின்றனர் தெரியுமா? ஈழத்துக் காட்டில் விளைந்த ஒரு வரிமரத்தை! அதுமட்டுமன்று, சீனத்தில் செய்யப்பட்ட அரக்கு மடிப்புத் திரைகளையும் அப் பெயராலேயே அழைக்கின்றனர். சீனக் கம்மியன் செய்தான்; நம் கடற்கரைத் துறைகளின் வழியே கப்பல் சென்றது; ஆகவே துறையின் பெயர் ஒட்டிக்கொண்டது. செய்தவன் பெயரும் இல்லை, செய்த நாட்டின் பெயரும் இல்லை. ஏற்றுமதித் துறையின் பெயர், அதுவும் சிதைந்த வடிவில். தேக்கு என்னும் நம் சொல்லும் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து 'டீக்கு' ஆகி அங்கே நிற்கின்றது. பொருளைக் கொண்டு சென்றவர்கள் பெயரைக் காக்கும் பொறுப்பை மட்டும் கடலில் வீசிவிட்டுச் சென்றனர்.

இனி வெள்ளித் தேநீர்க் கலங்களுக்கு வருவோம். விக்டோரியா காலத்தின் கடைக்கூற்றில் செய்த தேநீர்க் குடம், பாற்குவளை, சருக்கரைக் கிண்ணம் ஆகியவை தொகுதியாய் ஏலத்துக்கு வருகின்றன. அக் குடத்தில் ஊறிய தேயிலையில் ஒரு பங்கு ஈழத்து மலைகளிலிருந்து சென்றது. 1867-இல் சேம்சு தெயிலர் அங்கே தேயிலைத் தோட்டம் இட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழிக்கவே, மலையெங்கும் தேயிலை பரவிற்று. கொழுந்து கிள்ளிய கைகள் எவருடையவை? தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகளால் கூட்டிச் செல்லப்பட்ட தமிழ்ப் பெண்களின் கைகள். இலண்டன் மின்சிங்குத் தெருவில் அத் தேயிலையும் ஏலத்தில்தான் விலைபோயிற்று. அந்தத் தேயிலை ஏலம் 1998-இல் நின்றது. கிள்ளிய கைகளுக்குரியவரோ 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பொருள்போல் பங்கிடப்பட்டனர். நாடற்ற நிலையில் எஞ்சியோர்க்கு 2003-இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. குடம் செய்த ஆண்டு குடத்தின் அடியில் இருக்கின்றது. குடம் நிறைத்தவரின் கதை எதன் அடியில் இருக்கின்றது?

அவர்கள் கூறும் விடைகள்

இவற்றைக் கேட்டால் மூன்று விடைகள் வரும்.

முதல் விடை: "பழங்கதை; அதனை ஏன் கிளற வேண்டும்?" பழமைக்காகவே விலை சொல்லுகின்றவர் சொல்லத்தக்க விடையா இது? இருநூறு ஆண்டுப் பழமை பொருளுக்கு இருக்கும்போது பெருமை, உழைப்புக்கு இருக்கும்போது குப்பையா? பழமையை விற்கின்றவன் முழுப் பழமையையும் விற்க வேண்டும்.

இரண்டாம் விடை: "தச்சன் என்ன குற்றஞ் செய்தான்? அவன் கைத்திறத்தை ஏன் பழிக்கின்றீர்?" நாம் பழிக்கவில்லை. தச்சனும் மறைக்கப்பட்டவனே. 1755-இல் சிப்பண்டேலின் பட்டறையில் தீப்பற்றியபோது 22 தொழிலாளரின் கருவிப்பெட்டிகள் எரிந்தன என்று செய்தி வந்தது. பெட்டிகளின் எண்ணிக்கை பதிவாயிற்று. நாற்காலியின் மேல் நிற்பது முதலாளி பெயர் ஒன்றே. மணிக்கூட்டின் முகப்பில் பெயர் பொறித்தவன் விற்றவனாய் இருப்பதும், உள்ளிருக்கும் பற்சக்கரங்களை அரத்தால் அராவியவன் வேறெங்கோ பெயரின்றி இருப்பதும் அத் தொழிலில் வழக்கமாயிருந்தன. நாம் கேட்பது கிடைத்தால் அந்த ஆங்கிலத் தொழிலாளியும் வெளிச்சத்துக்கு வருவான்.

மூன்றாம் விடை: "இவற்றையெல்லாம் தேடி எழுதுதல் நடவாது." நடவாதா? யானைமருப்பைப் பாருங்கள். பிரித்தானியாவின் 2018-ஆம் ஆண்டு யானைமருப்புச் சட்டம் 2022 சூன் 6 முதல் நடைமுறையில் உள்ளது. விலக்குப் பெற்ற பழம்பொருளாயினும், அதில் மருப்பு இழைத்திருந்தால், பதிவு செய்யாமல் விற்க இயலாது. ஒரு தேநீர்ப் பேழையின் சாவித் துளையைச் சுற்றி நகத்தளவு மருப்பு இருந்தாலும் அதனை அளந்து, எழுதி, பதிந்தாக வேண்டும். அச் சட்டத்தை நாம் வரவேற்கின்றோம். யானையின் உயிர் அருமையானது. ஆயின் அதே பேழையின் மகோகனிக்கு எவன் முதுகு வளைந்தது என்று எழுத ஒரு வரி இல்லை. யானைக்குத் தாள் உண்டு. ஆளுக்குத் தாள் இல்லை!

தேடுவதும் அரிதன்று. இழப்பீடு பெற்ற அடிமை உடைமையாளரின் பெயர்களை இலண்டன் பல்கலைக் கல்லூரி ஆய்வாளர் தொகுத்து, 2013 முதல் எவரும் பார்க்கும்படி வைத்துள்ளனர். பட்டியல் எழுதுவோன் ஒரு பெருமகனின் பெயரை எழுதுமுன் அங்கே ஒருமுறை பார்த்தாற் போதும். ஆர்வுட்டு மாளிகைக்கு இன்று உரியவரே தம் முன்னோர் செல்வத்தின் ஊற்றை ஒளிக்கவில்லை; 2023-இல் அடிமை உடைமையாளர் வழியினர் சிலரோடு சேர்ந்து அதனை வெளிப்படையாய் ஒப்பும் அமைப்பொன்றைத் தொடங்கினார். வீட்டுக்குரியவர்க்கு இருக்கும் துணிவு விற்றுத் தரகு பெறுபவர்க்கு ஏன் வரவில்லை?

ஆறாம் பொறி

ஐம்பொறிகளோடு நின்றுவிடாமல் ஆறாவதாக உள்ளத்தை எண்ணினார் தொல்காப்பியர். அந்த ஆறாவதே மாந்தனை மாந்தனாக்குவது. கரண்டியிலும் ஐந்து பொறிகள் உள்ளன. ஆறாவதுதான் இல்லை.

நாம் பொருள்களை உடைக்கச் சொல்லவில்லை, உருக்கச் சொல்லவில்லை. உடைத்தால் வெட்டியவன் உழைப்பும் சேர்ந்தே உடையும். நாம் கேட்பது ஒரு வரி. ஒவ்வோர் ஏலப் பட்டியலிலும் வழிவரலாறு மரத்திலிருந்தும் கனியத்திலிருந்தும் தொடங்கட்டும். எந்த நிலத்து மரம், எந்தக் காலத்தில் வெட்டியது, அக்காலத்தில் அங்கே மரம் வெட்டியவர் எந்நிலையில் இருந்தனர், வாங்கியவரின் செல்வம் எதிலிருந்து வந்தது: தெரிந்தவற்றை எழுதட்டும். தெரியாதவிடத்துத் தெரியவில்லை என்று எழுதட்டும். அதுவும் ஒரு வாய்மையே.

பட்டியல் எழுதுவோர் தாமாக எழுத மாட்டார். வாங்குவோர் கேட்டால் எழுதுவர். இலண்டனில் வாழும் தமிழரே, நீங்கள் அக் கூடங்களுக்குள் ஒருநாள் நுழைந்தால், வாங்கினும் வாங்காவிடினும், கையுயர்த்தி விலை கேட்குமுன் இதனைக் கேளுங்கள்: "ஐயா, இந்த மரத்தை வெட்டியவர் யார்?" விடை வராமற் போகலாம். வினா அக் கூடத்தில் நிற்கும்.

வெள்ளிக்குப் பொய்யான பொறி இட்டவனைத் தூக்கிலிடச் சட்டஞ் செய்த நாடு அது. உண்மையில் ஒரு பாதியை மட்டும் பொறிப்பதும் பொய்ப்பொறியே என்பதை அந்நாடு உணரட்டும். உணரும்வரை கேட்டுக்கொண்டேயிருப்போம்.